சிவப்பு வளையம் போட்ட மரங்கள்

சண்டை ஓய்ந்திருந்த பேச்சுவார்த்தைக் காலத்தில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் மரத்தின் இடுப்பை அளப்பது. கப்பல்துறை ஊருக்குப் பின்னால் இருக்கும் காட்டில் பாலை, வீரை, முதிரை என்று தேடி, நெஞ்சளவு உயரத்தில் நாடாவைச் சுற்றி, அளந்த இடத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு வளையம் போடுவேன். அடுத்த வருடமும் அதே இடத்தில்தான் அளக்க வேண்டும். மரம் பருத்தால் காற்றிலுள்ள கரியை அவ்வளவுக்கு உள்ளே இழுத்து வைத்திருக்கிறது, உலகத்தின் சூடும் அவ்வளவுக்குத் தணியும் என்று பயிற்சியில் சொன்னார்கள். திருகோணமலை வெயிலில் நின்றுகொண்டு அதைக் கேட்கச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நம்பினேன்.

அடுத்த வருடம் அளக்கக் கிடைக்கவில்லை. சண்டை திரும்பத் தொடங்க, காட்டு வேலையை நிறுத்தி, என்னைக் கந்தோரில் கோப்புகளுக்கு நடுவே ஒரு கதிரையில் இருத்திவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அப்போது சிவப்பு என்றால் மிதிவெடி. வெடி அகற்ற வந்தவர்கள் சிவப்புத் தடி நட்டு, கல்லில் சிவப்புப் பூசிச் சனத்தைப் பழக்கியிருந்தார்கள். என் வளையங்களைக் கண்டவர்கள் காட்டின் விளிம்போடு திரும்பிவிட்டார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் ஊரே விறகுக்கு அலைந்தபோது அந்தக் காடு மட்டும் கறுத்துச் செழித்து நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது மரம் அளந்த குறிதான் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

வேலிக்கு அப்பால், அடுத்த வளவு அக்கா விறகு விற்றுத்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். அவரும் இந்தக் காட்டைக் கைவிட்டு, ஆமி முகாமுக்குப் பின்னால் இருந்த பற்றைக் காட்டுக்குப் போகத் தொடங்கினார். ஒருநாள் வெறுங்கையோடு வந்து எங்கள் வாசற்படியில் இருந்துவிட்டார்.

"சுட்டவங்கள், தம்பி. வானத்துக்குச் சுட்டாங்களோ எனக்குச் சுட்டாங்களோ தெரியேல்லை. விறகைப் போட்டிட்டு ஓடியந்தனான்."

அதற்கு மேலும் மறைக்க என்னால் முடியவில்லை. "அக்கா, கப்பல்துறைக் காட்டில மிதிவெடி இல்லை. அந்தச் சிவப்பு நான்தான் பூசினனான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

மரம், கரி, உலகத்துச் சூடு என்று ஏதோ குழறினேன். எனக்கே விளங்கவில்லை. மரத்தைக் காப்பாற்றினேனா, இவரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேனா?

மறுநாள் காலை அக்கா விறகுக் கத்தியோடு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். காட்டு விளிம்பில் நின்றார். "நீங்கள் முதல் நடங்கோ தம்பி. நீங்கள் கால் வைச்ச இடத்தில நான் வைக்கிறன்."

முதல் மரத்தில் என் வளையம் வெளிறிக் கிடந்தது. ஒற்றையடிப் பாதையைக் கொடி மூடியிருந்தது. நான் பூசியபோது வெடி இல்லை, சத்தியம். ஆனால் அதற்குப் பிறகு சண்டை வந்ததே. யார் உள்ளே போனார்கள்? எதைப் புதைத்தார்கள்? சனம் போகாதது என் பெயின்டுக்குப் பயந்தா, அல்லது அவர்களுக்கு என்னைவிடக் கூடுதலாகத் தெரிந்ததாலா? காலைத் தூக்கினேன். தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

அக்கா என் காலைப் பார்த்தார். ஏசவில்லை.

"பயம் எல்லாருக்கும் இருக்கும்தானே. நீங்கள் வீட்ட போங்கோ, தம்பி."

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, முகாம் பக்கம் நடக்கத் தொடங்கினார்.