சிவப்பு வாளுக்கு ஒரு டிரைவர்

தில்லை நகர்ப் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் பானுப்ரியா இயற்பியல் ஆய்வக உதவியாளர். லென்ஸ் துடைப்பது, மீட்டர்களைச் சரிபார்ப்பது, பிள்ளைகள் தலைகீழாக மாட்டிய பேட்டரியைத் திருப்பிப் போடுவது என்று வருஷங்கள் ஓடிவிட்டன. ஆசிரியர்கள் அறைக்குப் போனால் கதவோரமாக நின்று வந்த வேலையைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். அப்படி நின்ற ஒரு நாளில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஆண்டு விழா நாடகத்தில், மேடை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இரண்டு பெண்கள் ஒளிரும் வாளால் சண்டை போடுவதாக ஒரு காட்சி. நாடகத்தைப் பழக்கும் ஜோஸ்வின் மிஸ் ஆன்லைனில் ஆர்டர் போட்ட வாள்கள், விழா முடிந்த பிறகுதான் வந்து சேரும் என்று செய்தி வந்திருந்தது. அப்படியானால் சண்டையை எடுத்துவிட்டு ஒரு குரூப் டான்ஸ் போட்டுவிடலாம் என்றார் தலைமையாசிரியை. ஜோஸ்வின் மிஸ் முகம் வாடிப்போனது.

"நான் செஞ்சு தரேன் மேடம்."

சொன்னது தான்தான் என்பது, எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகே பானுப்ரியாவுக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை ஒத்திகையில் காட்டுங்கள், சரிப்படவில்லை என்றால் டான்ஸ்தான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வாளின் உடம்புக்குப் பஞ்சமில்லை. காட்டூரில் அவள் வீட்டுப் பரணில் கெட்டுப்போன எல்.இ.டி. டியூப்லைட்டுகள் கிடந்தன. அவற்றின் பால் நிற பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி, அடியில் தண்ணீர்க் குழாய்த் துண்டைப் பிடியாகப் பொருத்தினாள். பிடிக்குள் ஒற்றை எல்.இ.டி.யை மேல்நோக்கி வைத்ததும் குழாய் முழுக்க ஒளி ஏறியது. தகராறெல்லாம் பேட்டரியில்தான்.

முதலில் சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரி. மாட்டியதும் பளிச்சென்று எரிந்தது. அவள் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள் சோர்ந்துவிட்டது. வோல்ட் இருக்கிறதே தவிர, இவ்வளவு கரண்டை இழுத்தால் அதற்குத் தாங்காது. அடுத்து, ரிமோட்டுக்குப் போடுகிற செல்கள் நான்கு. வெளிச்சம் குறையாமல் நின்றது, ஆனால் பிடி பெருத்துவிட்டது. சிவப்பு வாளோடு வரவேண்டிய ஒன்பதாம் வகுப்பு மெஹ்ரீனுக்குப் பூஞ்சை உடம்பு. இரண்டு கையாலும் தூக்கிக் காட்டி, "உலக்கை மாதிரி இருக்கு மிஸ்" என்றாள்.

கடைசியில் லித்தியம் செல். கட்டைவிரல் பருமன்தான், ஒன்றே போதும். ஆனால் நிறையச் சார்ஜ் ஏற்றி நேராகக் கொடுத்தால் எல்.இ.டி. கருகும், சார்ஜ் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். மேலப்புலிவார்டு ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் நடுவில் ஒரு டிரைவர் போடச் சொன்னார். செல் எந்த நிலையில் இருந்தாலும், எல்.இ.டி.க்குப் போகிற கரண்டை ஒரே அளவில் பிடித்து வைக்கிற சின்னப் பலகை அது. ஒரே மாதிரி இரண்டு வாங்கி வந்தாள். நீல வாள் சமர்த்தாக எரிந்தது. சிவப்பு வாளின் பிடியோ கொஞ்ச நேரத்தில் கொதித்தது.

அந்த நேரம் பார்த்துக் கணவர் ரத்தினவேல் போன் செய்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே தனியார் டவுன் பஸ் ஓட்டுகிறவர். டிரிப்புக்கு டிரிப் டீக்கடையில் நின்று வீட்டுக்குப் பேசுவார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் வடை என்பதால் ஸ்பீக்கரில்தான் பேச்சு. பானுப்ரியா எடுத்த எடுப்பிலேயே கொட்டிவிட்டாள்.

"ஏங்க, டிரைவர் ரொம்ப சூடாயிடுது. கிட்டவே போக முடியல. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற டிரைவர் மாத்தியாகணும்."

 பதிலுக்கு வந்தது ரத்தினவேலின் குரல் இல்லை, கண்டக்டர் சகாயநாதனின் குரல். "மாத்திடுங்க அண்ணி. நாங்களும் முதலாளிகிட்ட அதைத்தான் சொல்லிட்டிருக்கோம்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்த ரத்தினவேல் காபி கூடக் கேட்காமல், அந்த டிரைவரைக் காட்டச் சொன்னார். ஒரு ரூபாய்க் காசு அளவில் இருந்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நான் பஸ்ஸை ஓட்டினேன். பஸ்ல இருந்தவங்க எல்லாம் ஸ்ரீரங்கம் வரைக்கும் என்னை ஓட்டினாங்க. இதுக்காகவா பானு?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்னி அரைக்கப் போனாள்.

மறுநாள் ஆய்வக மீட்டரை வைத்துப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது. செல் தருவது நாலு வோல்ட்டுக்குப் பக்கம். நீலத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டும். சிவப்புக்கு இரண்டும் கொஞ்சமும் போதும். சிவப்பு வேண்டாமென்று வைத்த மிச்சமெல்லாம் டிரைவர் தலையில் சூடாக இறங்கிக்கொண்டிருந்தது. கரண்டைக் குறைத்தால் சூடு தணியும், வெளிச்சமும் குறையும். அதற்கு மெஹ்ரீன் சம்மதிக்கவில்லை.

"சண்டையில தோக்கறது நான்தான் மிஸ். வாளும் மங்கலா இருந்தா, நான் தோப்பேன்னு முதல்லயே தெரிஞ்சுடும்."

நியாயமாகத்தான் பட்டது. கடைக்குத் திரும்பப் போய், வேறு வகை டிரைவர் கேட்டு வாங்கினாள். மிச்சத்தைச் சூடாக்கி வீணடிக்காமல், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டுவிட்டு இழுத்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிற வகை. மேஜையில் வைத்து எரியவிட்டாள். பிடி வெதுவெதுப்போடு நின்றது.

கையைக் கட்டிக்கொண்டு இருக்க ரத்தினவேலால் முடியுமா? வாளை எடுத்துக் கூடத்தின் நடுவே நின்று சுழற்றினார். அணைந்தது. திரும்ப எரிந்தது. "பள்ளத்துல இறங்குற பஸ் மாதிரி இருக்கு" என்றார். பானுப்ரியா வாளை வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்தாள். இத்தனை நாளும் வாளை மேஜையில் படுக்க வைத்தே பார்த்திருக்கிறாள். வீசும்போது செல் நகர்ந்து, ஸ்பிரிங் விட்டுப் பிடிக்கிறது. பழைய ரப்பர் செருப்பிலிருந்து துண்டு நறுக்கிச் செல்லை இறுக்கினாள். இரண்டு வாளுக்கும் அப்படிச் செய்து, அவரை மறுபடி வீசச் சொன்னாள். கை வலிக்கிறது என்றார். இன்னும் கொஞ்சம் என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்ட எதிர்வீட்டு ரெங்கம்மாள், புதுசா வாங்கின கொசு பேட்டா என்று மறுநாள் காலையில் விசாரித்தாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்கினார்கள். சண்டை முடிந்ததும் தலைமையாசிரியை, விழா அன்றைக்கு வாள் நடுவில் நின்றுவிடாது இல்லையா என்று கேட்டார். ஜோஸ்வின் மிஸ் பானுப்ரியாவைப் பார்த்தாள்.

"நிக்காது மேடம். நின்னாலும் நான் பக்கத்துலயே இருப்பேன்."

டான்ஸ் பேச்சு அதோடு போயிற்று.

விழா அன்று பானுப்ரியா மேடையின் பக்கத்துத் திரைக்குப் பின்னால், சார்ஜ் ஏற்றிய மாற்று செல் ஒன்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். விளக்குகள் அணைந்தன. கூட்டம் ஓவென்று கத்தியது. யார் எந்தப் பக்கம் பாய்ந்தார்கள், யார் எப்போது விழுந்தார்கள் என்று பின்னால் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நீலம், ஒரு சிவப்பு, அவ்வளவுதான் பார்த்தாள். மெஹ்ரீன் சரிந்து விழ, கையிலிருந்த வாள் மேடைப் பலகையில் தட்டி உருண்டு திரையருகே வந்து நின்றது. தோற்றவளின் வாள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பானுப்ரியா குனிந்து, கையை நீட்டி, அதன் சுவிட்சை அணைத்தாள்.