கார்பெட்டில் செருப்போடு நின்ற எல்லம்மா அக்கா

எல்லம்மா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தில் மதிய ஷிஃப்டுக்குப் போகும் வண்டிக்காக நின்றிருந்தேன். எங்களோடு வேலை செய்யும் நாகவேணி போனில் அழுதாள். "அக்கா மிஷின் பக்கத்துலயே வுழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம். உசுரு இல்லன்னுட்டாங்க." எப்படி, எங்கே என்றெல்லாம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. "அக்கா கால்ல செருப்பு இருந்துச்சா?" என்றுதான் கேட்டேன். நாகவேணி இன்னும் பெரிதாக அழுதாள். எனக்குப் புரிந்துவிட்டது.

அக்காவை அறியாதவர்களுக்கு அந்தக் கேள்வி பைத்தியக்காரத்தனமாகப் படலாம். ஓசூர்த் தொழிற்சாலைகளின் அலுவலகங்களையும் கூட்ட அரங்குகளையும் துப்புரவு செய்யும் ஒப்பந்தக் குழுவில் நாங்கள் வேலை செய்கிறோம். கார்பெட் கழுவும் மிஷின் எங்கள் குழுவில் அக்காவின் பொறுப்பு. சோப்புத் தண்ணீரைக் கார்பெட்டில் பீய்ச்சி, அழுக்கோடு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் மிஷின் அது. அக்காவுக்குப் பேரிகைக்கு அப்பால் ஒரு சிற்றூர். வீட்டில் தெலுங்கு, ஒப்பந்தக்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். திட்டும்போது மட்டும் மூன்றும் கலந்து வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய அரங்குக்குப் போனோம். சிவப்புக் கார்பெட், கால் புதையும் தடிமன். நாங்கள் எல்லோரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டோம். யாரும் சொல்லவில்லை, முதலாளி விரித்து வைத்ததை மிதிக்கிறோமே என்று கூச்சம். அக்கா மட்டும் தன் ரப்பர் செருப்பை வாளித் தண்ணீரில் கழுவித் துடைத்து, போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். அங்கிருந்த அதிகாரிக்கு முகம் சுருங்கியது. "கழுவிக்கினுதான் சார் வந்தன்," என்றார் அக்கா. "கார்பெட்டு ஈரம். மிஷின்ல கரண்டு. நடுவுல என் காலு. ரப்பரு இருந்துட்டுப் போவட்டும்."

எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அவர் காதுபடவே 'மகாராணி' என்று பேர் வைத்தோம். எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. அவர் வாயைத் திறந்தால் நல்லதாக ஒன்றும் வராது. "இந்த மிஷின் ஒரு நாளு யாரையாவது வாங்கிக்கினுதான் போவும்," என்பார், சோறு சாப்பிடும்போதே.

ஓர் ஆயுத பூஜைக்கு நாங்கள் மிஷினைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பக்தி அதிகமான ஒருத்தி ஃபில்டர் மூடியின் விளிம்பு முழுக்கச் சந்தனம் அப்பிவிட்டாள். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் சந்தனமும் பழைய சோப்பு அழுக்கும் சேர்ந்து காய்ந்து, ஃபில்டர் கல்லாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பலாம் என்றாள் ஒருத்தி. தரையில் தட்டலாம் என்றேன் நான். மிஷினை ஓடவிட்டுக்கொண்டே இழுத்தால் வந்துவிடும் என்று ஒப்பந்தக்காரர் போனில் யோசனை சொன்னார்.

அக்கா எதற்கும் காது கொடுக்கவில்லை. முதலில் பிளக்கைப் பிடுங்கி, அதன் தலையைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "இப்ப கரண்டு என் இடுப்புல. எவனும் சுச்சு போட முடியாது." வெந்நீரில் நனைத்த துணியை விளிம்பைச் சுற்றிக் கட்டிவிட்டுக் காத்திருந்தார். பிறகு இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று அசைத்து அசைத்து, தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குகிற மாதிரி வெளியே எடுத்தார். "சாமியும் உள்ள போய் உக்காந்துக்கினாரு பாருங்க!" என்றார். அன்று அவரும் சிரித்தார்.

கழற்றுவதைவிடத் திரும்பப் போடுவதில்தான் அவர் கறார். கழுவிய ஃபில்டரை வெயிலில் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே கையில் எடுப்பார். உள்ளே வைத்து அழுத்திவிட்டு, ரப்பர் வளையத்தின்மேல் விரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். எங்காவது இடுக்கு தட்டினால் மறுபடியும் எடுத்துவிடுவார். "அரகொறயா ஒக்காந்தா தண்ணி மோட்டருக்குப் போயிடும். அப்பறம் மிஷின் ஒடம்பு பூரா கரண்டுதான்."

போன மழைக்காலத்தில் நாகவேணி மிஷினின் கைப்பிடியைத் தொட்டபோது சுருக்கென்று இழுத்தது. பிளக்கைப் பார்த்தால் எர்த் முனை உடைந்து போயிருந்தது. அக்கா ஒப்பந்தக்காரரிடம் கன்னடத்தில் உரக்கப் பேசினார். மாற்றித் தருகிறேன் என்றார் அவர். கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னார். அதற்குப் பிறகு எங்களில் ஒருவரையும் வெறுங்காலோடு கார்பெட் ஏற அக்கா விடவில்லை. கேலி செய்வதை நாங்களும் நிறுத்தினோம். அக்கா மிஷினை உருட்டிக்கொண்டு வரும்போது நான் முதலில் அவர் காலைத்தான் பார்ப்பேன். அவருக்கும் பயம் இருந்திருக்க வேண்டும். கடைசி நாட்களில் மிஷினைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

பேரிகையைத் தாண்டி அவர் ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரர் பெரிய மாலையோடு வந்திருந்தார். கூடவே ஒரு ஃபிளெக்ஸ். இதயக் கோளாறால் மறைந்தார் என்று அச்சடித்திருந்தது. அக்காவின் கணவர் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து கேட்டார். "எம்மா, அவளுக்கு நெஞ்சுல ஒண்ணுமே இல்லியே. நேத்துகூட ரெண்டு கொடம் தண்ணி தூக்கினா. நெசமா என்னம்மா ஆச்சு?"

ஒப்பந்தக்காரர் எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் நாளைக்கு வேலை இல்லை. நாகவேணிதான் பேசினாள். அழாமல், ஒரே மூச்சாகச் சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன்.

அன்று அரங்கில் விருந்தினர் வருகை. மேடையில் சாமி படம் வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். ஈரமான கார்பெட்டில் மிஷின் பாதியில் திணறி நின்றது, ஃபில்டர் பிடித்துக்கொண்டது. அக்கா வழக்கம்போல் எடுத்துக் கழுவிவிட்டார். காய வேண்டும் என்றார். நேரம் இல்லை, துடைத்துப் போடு என்றார் அரங்கின் அதிகாரி. ஈரத்தோடு வைத்ததில் வளையம் சரியாக உட்காரவில்லை. மறுபடியும் எடுக்கிறேன் என்றார் அக்கா. அதற்கும் விடவில்லை. போதாததற்கு, சாமி படம் இருக்கிற இடத்தில் செருப்பா என்று சத்தம் போட்டார் அந்த அதிகாரி. எல்லோரும் கழற்றிவிட்டு வேலையை முடியுங்கள், இல்லாவிட்டால் மொத்தக் குழுவையும் இன்றே மாற்றிவிடுவேன் என்றார்.

அக்கா எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தாராம். கைக்குழந்தைக்காரி, வாடகை வீட்டுக்காரி, புருஷன் இல்லாதவள். எல்லோர் கதையும் அவருக்குத் தெரியும். குனிந்து தன் செருப்பைக் கழற்றினாராம். நாகவேணியும் தன்னுடையதைக் கழற்றப் போனபோது அவள் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

"நீங்க யாரும் உள்ள வரக் கூடாது. இது ஒருத்தி வேலதான். நான் பாத்துக்கறன்."

எல்லோரையும் வராந்தாவுக்குத் தள்ளிவிட்டுக் கண்ணாடிக் கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டாராம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் நாகவேணி மீதியைப் பார்த்திருக்கிறாள்.

அவள் சொல்லி முடித்ததும் அக்காவின் கணவர் எழுந்து போய் அந்த ஃபிளெக்ஸைக் கழற்றி மடித்து ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்தார். நாங்கள் அத்தனை பேரும் அங்கேயே நின்றோம். வேலை இருக்குமா, போகுமா என்று எங்களுக்குத் தெரியாது.

எல்லம்மா அக்கா, அந்தக் கதவுக்கு வெளியே நீங்கள் நிறுத்தியவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். போய் வாருங்கள்.