மனை எண் பதினேழில் ஓடும் வாய்க்கால்

அன்று காலை வருகைப் பதிவேட்டில் அஞ்சலாட்சியின் பெயருக்கு நேரே மட்டும் கட்டம் காலியாக இருந்தது. எனக்கு முன்னால் வந்து கதவைத் திறந்து வைக்காத நாள் அவருக்குக் கிடையாது. பத்தேகாலுக்கு அவர் மகள் செல்வி போன் செய்தாள். விடியும்போது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தலைமை எழுத்தராக எத்தனையோ பேருடைய மறைவைச் சுற்றறிக்கையில் இரண்டு வரியில் முடித்தவன் நான். அன்று அந்த இரண்டு வரி எனக்கு வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் அலுவலகத்தில் உங்களுக்கெல்லாம் அவர் ஆவண அறை அட்டெண்டர். விடிகாலையில் ஏரிக்குக் கீழே இருக்கும் தன் கழனியில் இறங்கி வேலை பார்த்துவிட்டு, குளித்து, எட்டு மணி பஸ் பிடித்து வருவார். கால் நகக்கண்ணில் சேறு இருக்கும். அதை நான் ஒருமுறை கிண்டல் செய்தேன். "நீங்க சாப்பிடற சோத்துல ஒட்டாம இருக்குதில்ல, அது போதும் சார்" என்றார். பிறகு நான் கிண்டலை நிறுத்திக்கொண்டேன்.

பெண் ஊழியர்களுக்குத் தனிக் கழிப்பறை கேட்டு அவர் போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். அதிகாரி முடியாது என்றார். இவர் கோபப்படவில்லை. "முடியாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க சார், நான் போயிடறேன்" என்று மேசை முன்னால் நின்றுவிட்டார். மறுநாளும் வந்து நின்றார். எழுதிக் கொடுக்க எந்த அதிகாரிக்குத் தைரியம் வரும்? இரண்டே மாதத்தில் கழிப்பறை வந்தது.

இனி நான் சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் ஊரில் எல்லோருக்கும் கடலை விட்டு மேற்கே தள்ளி மனை வாங்கும் ஆசை வந்திருந்தது. கருவடிக்குப்பத்தில் வாடகை வீட்டில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த எனக்கும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனை விற்பவர்களின் வேனில் நானும் என் மனைவியும் போனோம். பந்தல், கலர் கொடி, டிபன். பச்சை வயலுக்கு நடுவே மஞ்சள் பூசிய கற்கள். பதினேழாம் எண் மனைக்கு முன்பணம் கொடுத்தோம். சமையலறை எந்தப் பக்கம் என்று மனைவி கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கழனியில் பெண்கள் குனிந்து நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் நம் அஞ்சலாட்சி என்பதை நான் கவனிக்கவே இல்லை.

அந்தக் கோடையில் மனைக்காரர் கிராவல் கொட்டி, தன் நிலத்தின் வழியாகப் போகும் வாய்க்காலைத் தூர்த்துவிட்டார். ஏரித் தண்ணீர் கீழ்க் கழனிகளுக்குப் போக அது ஒன்றுதான் வழி. இரண்டு போகம் தரிசாகக் கிடந்தால் விவசாயிகள் தாமாகவே விற்றுவிடுவார்கள், பிறகு அதையும் மனையாக்கலாம் என்பது அவர் கணக்கு. அஞ்சலாட்சியின் மூன்று கழனியும் அந்தக் கீழ்ப்பக்கத்தில்தான் இருந்தன.

ஊர்க்காரர்கள் கூடி ஒரு யோசனை செய்தார்கள். தூர்த்த இடத்தின் மேலேயே முனீஸ்வரனை வைத்துவிட்டால் எவன் வீடு கட்டுவான் என்று பார்த்துவிடலாம். ஒரே நாளில் கல் நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, செங்கல் சுவர் எழுப்பித் தகரம் போட்டார்கள். மனைக்காரர் வந்தார். சண்டை போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். டைல்ஸ் அனுப்புகிறேன், கும்பாபிஷேகச் செலவு என்னுடையது, வரைபடத்திலும் கோயில் என்றே போட்டுக்கொள்கிறேன் என்றார். ஊரே குளிர்ந்துவிட்டது.

அஞ்சலாட்சி மட்டும் குளிரவில்லை. கூட்டத்தில் எழுந்து, "சாமி வாய்க்கா மேல ஒக்காந்துச்சின்னா தண்ணி எங்க போவும்?" என்று கேட்டார். மனைக்காரர் மண்ணால் அடைத்ததை நாம் சாமியால் அடைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. ஆனால் வைத்த சாமியைப் பெயர்ப்பது யார்? குடும்பம் விளங்காமல் போய்விடும் என்று பயந்தார்கள். ஆடி மாதம் முழுக்க விரதம் இருக்கிற மனுஷி அஞ்சலாட்சி. அவருக்கு மட்டும் பயம் இல்லாமலா இருக்கும்? "எது வந்தாலும் எம்மேல வரட்டும். எம் பயிரு காஞ்சா மட்டும் சாமிக்கு நல்லாவா இருக்கும்?" என்றார். அந்த வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, தானே முதல் ஆளாகக் கல்லில் கை வைத்தார். முனீஸ்வரன் ஏரிக்கரைப் பனைமரத்தடிக்குக் குடிபோனார். ஊரே மண்வெட்டி எடுத்து வாய்க்காலைத் தோண்டியது.

மனைக்காரர் சும்மா இருப்பாரா? அங்கே வாய்க்கால் என்று ஒன்று இருந்ததே இல்லை, என் பட்டா நிலத்தில் புதிதாகப் பள்ளம் பறிக்கிறார்கள் என்று மனு போட்டார். தாசில்தார் இரு தரப்பையும் ஆதாரத்தோடு வரச்சொன்னார். அஞ்சலாட்சி கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கும் நில அளவை ஆபீசுக்கும் நடையாய் நடந்து, பிரெஞ்சுக்காரர் காலத்து நிலவரைபடத்தின் நகலை வாங்கிவந்து என் மேசையில் வைத்தார். எழுத்தெல்லாம் பிரெஞ்சு. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை மறக்காதவன் அலுவலகத்தில் நான் ஒருவன்தான்.

படித்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. பாசன வாய்க்கால், பொதுவுக்குச் சொந்தம் என்று தெளிவாக எழுதியிருந்தது. மனை பார்க்கப் போன அன்று பயிர் மறைத்ததில் எங்கள் கண்ணில் படாத அந்த வாய்க்கால் எந்த இடத்தில் வளைகிறது என்பதும் புரிந்தது. மஞ்சள் கற்கள் நட்டிருந்த இடம் எனக்கு மனப்பாடம். வாய்க்கால் நேராக என் சமையலறை வழியாகப் போனது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கையெழுத்து சரியாக விளங்கவில்லை என்று மூன்று நாள் இழுத்தடித்தேன். அந்த மூன்று நாளும் அவர் எதுவும் கேட்கவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் மாலை, எல்லோரும் போனபிறகு, சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு என் எதிரே நின்றார்.

"பதினேழு ஒங்களுதுதான சார்? அன்னிக்கு நீங்களும் அம்மாவும் வேன்ல வந்து எறங்கசொல்ல நான் நடவு நட்டுக்கிட்டு இருந்தேன்."

நான் மேசையில் விரித்திருந்த வரைபடத்தை மடித்தேன்.

"ஒங்களுக்கு ஊடு வாணாம்னு நான் சொல்லல. வேற எடம் கெடைக்கும். தண்ணிக்கு வேற வழி இல்ல சார்." அவ்வளவுதான். சாவியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் விசாரணையில் நான் வரிக்கு வரி படித்துத் தமிழில் சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். வாய்க்காலை விட்டுத்தான் மனை பிரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாய்க்காலையும் அதன் இரண்டு கரையையும் விட்டபிறகு விற்பதற்கு உருப்படியாக எதுவும் மிஞ்சவில்லை. மனைக்காரர் வேறு ஊர் பார்த்துப் போனார். என் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. நீங்கள் எனக்குச் சால்வை போட்டீர்கள். விவசாயிகள் பக்கம் நின்றவர் என்று பேசினீர்கள். அஞ்சலாட்சியும் பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். எனக்கு உடம்பு கூசியது.

போன வாரம் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். கழனியில் பயிர் இடுப்புயரம் நின்றது. நடவு, மருந்து, மதகு முறை எல்லாம் செல்விதான் பார்க்கிறாள். வாய்க்காலைத் தாண்டும்போது, இங்கேதான் எனக்கு மனை இருந்தது, உங்கம்மா சொல்லியிருப்பார்களே என்றேன். அவள் நின்றுவிட்டாள். "இல்லியே சார். அம்மா எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

அந்த விசாரணையில் என்னை ஒரே வார்த்தையில் காட்டிக்கொடுத்திருக்கலாம். சால்வைக் கூட்டத்திலும் சொல்லியிருக்கலாம். பெற்ற மகளிடம் வீட்டில் வைத்தாவது சொல்லியிருக்கலாம். அவர் தனக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டார், என் மானத்தை என்னிடமே விட்டுவிட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். அந்தச் சால்வை யாருக்குரியது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். காரியத்துக்குக் கையோடு எடுத்துப்போயிருந்தேன், அதைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.