வந்ததே தெரியாத மாரடைப்பு

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில், வேட்டிக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்ட ஒரு பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஈசிஜி தாள்.

"எனக்கு எப்பவோ அட்டாக் வந்துட்டுப் போயிருக்காம் தம்பி. எனக்கே தெரியல!" என்று பரிசு விழுந்தவர்போல் சிரித்தார். "கேஸ்னு நெனச்சு சோடா குடிச்சிருப்பேன். தெனம் நடந்ததும் பீடிய விட்டதும்தான் காப்பாத்தியிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டும் வீட்டுக்காரி புடிச்ச புடி!"

உடனே மனைவிக்கு போன் போட்டார். "உன்னாலதான்டி உசுரோட இருக்கேன்!"

"மாத்திரை வாங்கினீங்களா?" என்றது ஸ்பீக்கர்.

வாங்கவில்லை. பேருந்தே சிரித்தது. அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கி, எதிரிலிருந்த மருந்துக்கடைக்கு ஓடினார்.

"மாமா, மெதுவா!" என்று கண்டக்டர் கத்தினார்.

அவர் சிரித்துக்கொண்டே கையசைத்தார். கடைப்படி ஏறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது நாங்கள்தான்.