கொஸ்லந்தை இறக்கத்தில் நிற்காமல் ஓடிய கார்

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி நிற்கவில்லை. வேகம்தான் கூடியது.

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு இறங்கும் ரோட்டில் எனக்கு நடந்தது இது. முருகனை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? ஆனால் சொல்ல உட்கார்ந்தால் மனம் ஒரு நிலையில் இல்லை. இப்போதும் உள்ளங்கால் குறுகுறுக்கிறது.

நான் தேயிலைத் தோட்டத்துப் பெரியதுரையின் மோட்டார் கார் டிரைவர். எங்கள் பக்கம் அப்போதெல்லாம் மாட்டு வண்டிகள்தான். கார் வருகிறது என்றால் கங்காணிகூட ஒதுங்கி நின்று வழிவிடுவார். அந்தத் திமிர் எனக்குத் தலைக்கு மேல் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம் பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் மாலை போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். வண்டியை ஓட வைப்பதே இதுதானே என்று ஆக்ஸிலேட்டர் மிதியிலும், அதற்குப் பின்னால் போகும் கம்பியிலும் செவ்வந்திச் சரத்தைச் சுற்றினேன். சூடத் தட்டோடு நின்ற என் மனைவி செல்லம்மா குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, கால் வைக்கிற எடத்துல பூவா? எங்கயாச்சும் சிக்கிக்கப் போவுது."

"மோட்டாரப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? போ அங்கிட்டு!" என்று நாலு பேர் முன்னால் எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுண்டிப்போனது.

சாமி பேரால் கட்டிய சரத்தை நாமாகக் கழற்றக் கூடாது, அதுவாக உதிர வேண்டும் என்பது நாங்கள் குடியிருக்கும் லயத்து வழக்கம். நானும் கை வைக்கவில்லை. மூன்று நாளில் பூவெல்லாம் வாடி உதிர்ந்தது. நூல் மட்டும் உதிரவில்லை.

மூன்றாம் நாள் துரையைக் கூட்டி வரத் தனியாகப் புறப்பட்டேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வழியில் ஒரு சின்ன ஏற்றம். மிதியை நன்றாக அழுத்தினேன். ஏற்றம் முடிந்து காலை எடுத்தபோது மிதி மேலே வரவில்லை. எஞ்சின் கத்திக்கொண்டு இறக்கத்தில் பாய்ந்தது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம்.

பிரேக்கை மிதித்தேன், விட்டேன், மறுபடி மிதித்தேன். தீய்ந்த நாற்றம் வந்ததே தவிர வேகம் அடங்கவில்லை. முருகா, வண்டியை நிறுத்து! கதிர்காமத்துக்கு நடந்தே வருகிறேன், காவடி எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன்! வாய் நேர்த்திக்கடனை அடுக்கிக்கொண்டே போனது. வண்டியும் போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் கீழே வளைவில் பெண்களைப் பார்த்தேன். முதுகில் கூடையோடு, தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கப் போகிறார்கள். கடைசியில் போன கம்பளியில் சிவப்பு ஒட்டு. நான் கிழித்ததற்குச் செல்லம்மா போட்ட ஒட்டு அது.

என் உயிர் என்னிடம் இல்லை. நேர்த்திக்கடனெல்லாம் மறந்துபோனது. "முருகா, நான் என்ன செய்யட்டும்? சொல்லு" என்றுதான் கத்தினேன்.

அசரீரி ஒன்றும் கேட்கவில்லை. கைகால் தானாக இயங்கியது. கிளச்சை மிதித்துக் கியரை நடுவுக்குத் தள்ளினேன். எஞ்சின் இன்னும் பயங்கரமாக அலறியது. பயந்து மறுபடி கியரைப் போடாமல் சுவிட்சை அணைத்தேன். சட்டென்று அமைதி. பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தேன். கைப்பிரேக்கை இழுத்து, மேட்டுப் பக்கம் திருப்பினேன். சக்கரம் ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்க, வண்டி மண்ணில் உரசி நின்றது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறி நின்றார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். செல்லம்மா வந்து, என் காலுக்கடியில் கைவிட்டு, கம்பியில் சிக்கிச் சுருண்டிருந்த நூலைப் பிடுங்கி எடுத்தாள்.

"இதையா சாமி கேட்டிச்சு?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். என் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது போல் இருந்தது.

துரையிடம் ஒளிக்கவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டேன். எப்படியோ வேலை போகவில்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது. என் கைகால் அன்று செய்தது என்ன என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். தினமும் கொட்டகையில் வண்டியை நிறுத்தும்போது செய்கிற அதே வேலை! இத்தனை நாளும் முருகன் என் கையில் பழக்கி வைத்திருந்ததை நான்தான் அறியவில்லை. நிறுத்து என்று அவனுக்கே உத்தரவு போட்டபோது நிற்கவில்லை. என்ன செய்யட்டும் என்று கேட்டபோது காட்டிவிட்டான்.

இப்போது தினமும் காலையில், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் சீட்டில் உட்கார்ந்து ஆறெழுத்தைச் சொல்கிறேன். ச என்றால் காலை எடுப்பேன். ர, கிளச். வ, கியர் நடுவுக்கு. ண என்றால் சுவிட்ச். ப என்று பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்து. கடைசி வ-வுக்கு ஸ்டியரிங் மேட்டுப் பக்கம். ஹல்துமுல்லையில் மற்ற டிரைவர்கள் பார்த்தால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதில் இரண்டு பேர் இப்போது யாருக்கும் தெரியாமல் தாங்களும் செய்கிறார்கள்.

நீங்களும் நம்புங்கள். ஆபத்து வந்த பிறகு கூப்பிட்டாலும் வருவான். ஆனால் ஆபத்து வராத காலையிலேயே அவன் பெயரைச் சொல்லிக் கைகாலைப் பழக்குங்கள். கதிர்காமத்துக்கு நடந்து போய் என் கடனையும் தீர்த்துவிட்டேன்.

பூஜைக்கு இன்றும் மாலை உண்டு, முன் விளக்குக்கு மேலே. செல்லம்மா வந்து மிதிக்கடியில் கையால் தடவிப் பார்த்து, "ம், போங்க" என்பாள். அவள் சொன்ன பிறகுதான் எஞ்சினைக் கிளப்புவேன்.