ஐந்து புள்ளி பூச்சியம் எட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், என் மனைவி, ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த அவளுடைய தம்பி, எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர். வேறு யாரும் இல்லை. நான் தனியாக இருந்து ஸ்டோரின் பித்தளைத் தகடுகளைக் கெடுத்துவிட்டதாகப் பிறகு ஸ்டோரில் கதை கட்டினார்கள். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டோரில் நான் ஃபிட்டர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உலோகத்தை வெட்டித் துளைக்கும் வெள்ளைக்காரன் காலத்து மில்லிங் மெஷின் ஒன்றை அங்கே பழைய இரும்பு விலைக்கு எடை போட்டு விற்றார்கள். அதை வாங்கிக் காம்பராவுக்குள் இறக்கினேன்; கட்டில் வாசலுக்குப் போனது. கைப்பிடியைச் சுற்றினால் மேசை நகரும் மெஷின் அது. கைப்பிடிகளைக் கழற்றி, அந்த இடத்தில் மோட்டார்களைப் பூட்டி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றால் ஓட்டுவதற்கு நானும் மச்சினனும் எட்டு மாதம் பாடுபட்டோம். இரும்பு வேலை எனக்கு, எண் வேலை அவனுக்கு.

மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் மேசை எவ்வளவு நகரும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். மேசைக்கு அடியில் இருந்த திருகுத்தண்டில் மச்சினன் அடிமட்டத்தை வைத்து ஐந்து புரி எண்ணினான். இருபத்தைந்து மில்லிமீட்டர். அப்படியானால் சுற்றுக்கு ஐந்து என்று தட்டினான்.

"இது இங்கிலீஷ்காரன் மெஷின் தம்பி. ஸ்டோர்ல இருக்கிற ஸ்பேனர் எல்லாமே அங்குலக் கணக்கு. இந்தத் தண்டும் அப்படித்தான் இருக்கும்."

"நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க மச்சான்? அடிமட்டம் பொய் சொல்லுமா?"

படித்தவன் சொல்கிறான் என்று வாயை மூடிக்கொண்டேன். மூடிய அந்த வாயை இன்றைக்கும் அறையலாம் போலிருக்கிறது. அலுமினியத் துண்டில் சின்னதாக ஒரு பூ வெட்டிப் பார்த்தோம். கண்ணுக்கு ஒரு பிசகும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீமேக்கர் கொண்டுவந்தது ஆறு பித்தளைத் தகடு. கொழுந்து அரைக்கும் ரோலர்களின் மேசையில் பூட்டுவது. இரண்டு ஓரத்துத் துளைகளுக்கும் நடுவே பன்னிரண்டு அங்குலம். அதுவரை அந்த வேலை கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. இது பொருந்தினால் ரோலர் வேலை எல்லாம் இனி உனக்குத்தான் என்று வியாழக்கிழமையே சொல்லியிருந்தார். பட்டறை என்று ஒன்று எனக்கே சொந்தமாகிவிடும். அந்த நினைப்பில் நான் மூன்று நாள் தூங்கவில்லை.

"ஒரு தகட்ட மட்டும் போட்டு, ஸ்டோருக்குக் கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்துட்டு மத்தத வெட்டுவோம் ஐயா" என்றேன்.

"காலையில கொழுந்து வந்துரும்ப்பா. ஆறையும் ஒண்ணா அடுக்கி ஒரே அடியா போட்டு விடு." டீமேக்கர் என் மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவன் தாலியையும் அளந்து பார்த்துட்டுத்தான் கட்டுனானா?"

"முடிச்ச ரெண்டு தடவை எண்ணுனாருங்க ஐயா."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஆறையும் அடுக்கி இறுக்கினேன். பன்னிரண்டு அங்குலத்துக்கு முந்நூற்று நாலு புள்ளி எட்டு என்று மச்சினன் மனக்கணக்காகவே தட்டினான். மெஷின் தானாக நகர்ந்து துளை போட்டது. உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருந்தது.

ஸ்டோரில் முதல் போல்ட் இறங்கியது. கடைசி போல்ட் இறங்கவில்லை. ஐந்து மில்லிமீட்டர் தள்ளி நின்றது துளை, ஆறு தகட்டிலும்.

தண்டில் ஐந்து புரி என்பது ஓர் அங்குலம். இருபத்தைந்து அல்ல, இருபத்தைந்து புள்ளி நாலு. சுற்றுக்கு ஐந்து புள்ளி பூச்சியம் எட்டு. சின்னப் பூவில் மறைந்துகொண்ட அந்தப் பிசகு ஓர் அடி நீளத்தில் வெளியே வந்துவிட்டது. பன்னிரண்டு அங்குலத்தை மனக்கணக்காக மாற்றத் தெரிந்தவனுக்கு, நான் அங்குலம் என்று சொன்னபோது மட்டும் காது கேட்கவில்லை.

"சின்ன மிஸ்டேக்தான் மச்சான். நம்பர மாத்திட்டா சரி."

"பித்தளையில விழுந்த ஓட்டைய எந்த நம்பரப் போட்டு அடைப்ப?"

துளையை அராவி நீட்டித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அந்த இடுக்கில் கொழுந்துச் சாறு தங்கிப் புளிக்கும் என்று டீமேக்கர் மறுத்தார். அது நியாயம். அடுத்துச் சொன்னதில் நியாயமே இல்லை.

"தகடு உன் பேர்லதான்ப்பா எழுதியிருக்கு. சம்பளத்துல பிடிப்பாங்க."

"ஆறையும் ஒண்ணா அடுக்கச் சொன்னது நீங்கதானே ஐயா?"

"நான் மெஷினத் தொட்டேனா?"

அன்று மாலையே எண்ணை நானே மாற்றிப் பலகையில் ஓட்டினேன். பன்னிரண்டு அங்குலம், முடியளவும் பிசகவில்லை. மறுநாள் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் டீமேக்கரிடம் காட்டினேன். அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. வேலை மறுபடியும் கொழும்புக்குப் போய்விட்டது.

தகடுகளின் விலை பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள், முழுவதையும் கட்டி முடித்தேன். பாதி என் பொறுப்பு என்று மச்சினன் தன் அக்கா முன்னால் சொன்னான். மூவாயிரம் கொடுத்தான், பிறகு கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டான். தீபாவளிக்கு வந்தால் சோறு போடுகிறேன், பேச்சுக் கொடுப்பதில்லை. அவன் எனக்குத் தர வேண்டியது இன்னும் ஆறாயிரத்து முந்நூறு ரூபாய்.