சந்தனம் மணக்கும் வைஃபை பெட்டி

ஆயுத பூசை முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் கடையிலிருக்கும் வைஃபை பெட்டி கொஞ்சம் சூடேறினால் போதும், சந்தனம் மணக்கிறது. எல்லாம் என் கைவேலைதான்.

கந்தர்வக்கோட்டையில் எங்களுக்கு முந்திரிக் கடை. பின்கட்டில் வீடு, தெருக்கோடியில் குடோன். மூன்றையும் அந்தப் பெட்டிதான் கோத்து வைத்திருக்கிறது. மருமகள் செல்வி கல்லாவில் உட்கார்ந்தபடியே குடோனில் எத்தனை டின் என்று கேமரா வழியாகத் திரையில் பார்த்துவிடுகிறாள். துபாயிலிருக்கும் மகன் அங்கிருந்தே கடையைப் பார்த்து, "அப்பா, கல்லாப் பக்கத்துல தூங்காதீங்க" என்கிறான்.

இது வருவதற்கு முன்னால் அந்த வேலையெல்லாம் நான்தான் செய்தேன். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் குடோனில் முழுப்பருப்பு எத்தனை டின், உடைசல் எத்தனை டின் என்று எண்ணியதைக் கடை வரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருவேன். "முழுசு ஒம்பது, ஒடசல் நாலு… முழுசு ஒம்பது, ஒடசல் நாலு…" எதிரே யாராவது "எங்கிட்டுப் போயிட்டு வாரீங்க?" என்று கேட்டால் போச்சு. திரும்பி நடந்து டீக்கடை கருப்பையாவிடம் நிற்பேன்.

"ஏப்பா, நான் என்ன சொல்லிக்கிட்டுப் போனேன்?"

"முழுசு ஒம்பது, ஒடசல் நாலு. ஒரு டீயக் குடிச்சிட்டுப் போ. அதையும் வழியில தொலைச்சிறாத."

எங்கள் சரக்கு நிலவரம் எனக்கு மறந்தாலும் தெருவுக்கு மறக்காது. எதிர்க்கடைக்காரருக்கும் அது மனப்பாடம். அவருக்குச் செலவில்லாத சேவை.

பூசைக்கு வருகிறேன். தராசு, டின் மூடுகிற மிஷின், என் பழைய சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். வருசம் முழுக்கக் கண் மூடாமல் உழைக்கிற பெட்டிக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா? வயர்களைப் பிடுங்கி, சாமி முன்னால் வைத்து, சந்தனத்தை அள்ளி அப்பி, சாமந்தி மாலையும் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் திருச்சி ஸ்வீட் கடையிலிருந்து ஃபோன். தீபாவளிக்குப் பன்னிரண்டு டின் முழுப்பருப்பு வேண்டுமாம். உடனே சொல்லாவிட்டால் வேறு ஊரில் கேட்டுக்கொள்வார்களாம். அந்த ஆர்டர் போனால் எங்களுக்குத் தீபாவளியே இல்லை.

"மாமா, நெட்டு ஏன் வரலே?"

"பூசையில இருக்கும்மா" என்றேன், பெருமையாக.

மாலையை விலக்கிப் பார்த்த செல்வி தலையில் கை வைத்தாள். வயர் சொருகுகிற ஓட்டையெல்லாம் சந்தனம். ஊக்கால் நோண்டத் தொடங்கினாள். "ஆளுக எல்லாம் பொரி வாங்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க ஓடிப்போயி எண்ணிட்டு வாங்க மாமா!"

ஓட முட்டி விட்டால்தானே? நடந்தேன், எண்ணினேன். "முழுசு பதினாலு, ஒடசல் ஆறு…" பழைய ராகம் தானாக வந்தது. பாதி வழியில் ஒரு டூவீலர் நின்றது. "பெரியப்பா, பூசை ஆயிருச்சா?"

"ஆச்சுப்பா."

போச்சு! பதினாலா, பதினொண்ணா? கால் தானாக டீக்கடைப் பக்கம் திரும்பியது. கருப்பையா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. அங்கே இப்போது செல்ஃபோன் கடை. உள்ளே இருந்தவர் காதில் வயர். யாரைக் கேட்பது?

வெறும் வாயோடு வந்து சேர்ந்தேன். அதற்குள் பெட்டி பிழைத்து, திரையில் குடோன் தெரிந்தது. "பதினாலு இருக்கு மாமா. சொல்லியாச்சு, ஆர்டர் நமக்குத்தான். நீங்க குடோனப் பூட்டாம வந்ததும் தெரியுது." மிச்சச் சந்தனத்தை வழித்து என் நெற்றியில் வைத்தாள். "அடுத்த வருசம் சாமிக்கு முன்னாடி நீங்க ஒக்காருங்க. பெட்டி அது எடத்துலயே இருக்கட்டும்."

மறுநாள் விஜயதசமி. தராசு, மிஷின் எல்லாம் பூசையிலிருந்து வேலைக்குத் திரும்பின. நானும் சைக்கிளும்தான் மிச்சம். சும்மா குடோன் வரை போய்வந்தேன். எண்ணுகிற வேலை எனக்கில்லை. "முழுசு ஒம்பது, ஒடசல் நாலு" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வழியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடை வரைக்கும் மறக்கவேயில்லை.